தூக்க மூலிகையும் ஓபியாய்டு வலி மருந்தும்: கேட்கப்படாமல் போகும் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தூக்கமின்மைக்கு உதவும் மூலிகைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வலேரியன் வேர், காவா, அமுக்கரா, சடாமாஞ்சில் ஆகியவற்றின் குணங்களைக் கட்டுரையாளர் எளிமையாக விளக்கியிருந்தார். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை உட்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையையும் மறவாமல் சேர்த்திருந்தார். ஆனால் இந்த மூலிகைகளை மிகுதியும் நாடிப் போகக்கூடிய ஒரு சாராரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தீராத வலியால் இரவெல்லாம் விழித்துக் கிடப்பவர்களைச் சொல்கிறேன். அவர்களில் பலர் மார்ஃபின், டிரமடால், கோடீன், ஆக்சிகோடோன் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள். புற்றுநோய் வலி நிவாரணப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், விடுபட்டுப்போன அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியமானது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஓபியாய்டு மருந்து எந்த ஏற்பிகளின் (உயிரணுக்களில் மருந்து வந்து பற்றிக்கொள்ளும் இடங்களின்) வழியாக வலியைத் தணிக்கிறதோ, அதே ஏற்பிகள் மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் நரம்பணுக்களிலும் இருக்கின்றன. இரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது மூச்சை விரைவுபடுத்த உடல் தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும். அந்தத் தூண்டுதலை ஓபியாய்டு மழுங்கச் செய்கிறது. மருத்துவர் அளவறிந்து படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும்போது உடல் இதற்குப் பெருமளவு பழகிக்கொள்வதால்தான், எத்தனையோ நோயாளிகள் இம்மருந்துகளைப் பல மாதங்கள், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட, எடுத்துக்கொண்டு ஓரளவு நிம்மதியாக வாழ முடிகிறது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். விழித்திருப்பதே மூச்சுக்கு ஒரு துணை. ஆழ்ந்து உறங்கும்போது அந்தத் துணை விலகிவிடுவதால், ஓபியாய்டு எடுப்பவருக்குப் பகலைவிட இரவில்தான் மூச்சு அதிகம் தளரும். மூலிகையை அவர் நாடுவதும் அதே இரவு நேரத்தில்தான்.

தூக்கம் வரவழைக்கும் மூலிகைகளில் பெரும்பாலானவை நரம்புகளின் பரபரப்பை அடக்கும், மூளையின் காபா அமைப்பைத் தொடுகின்றன. வலேரியன் வேரில் உள்ள வலெரினிக் அமிலம் காபா-ஏ ஏற்பியின் செயலை வலுப்படுத்துகிறது. காவாவில் உள்ள காவலாக்டோன்களும் அமுக்கரா வேரின் சில கூறுகளும் அதே திசையில் செயல்படுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. டயசெபாம், அல்பிரசோலாம் போன்ற பென்சோடயசெபைன் மாத்திரைகள் செயல்படுவதும் இந்த அமைப்பின் வழியாகத்தான். பென்சோடயசெபைனையும் ஓபியாய்டையும் சேர்த்து எடுத்தால் மூச்சு ஒடுங்கி உயிரே போகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 ஆகஸ்டில் தனது மிகக் கடுமையான, கட்டமிட்ட எச்சரிக்கையை வெளியிட்டது. அந்த எச்சரிக்கை பென்சோடயசெபைன்களோடு நின்றுவிடவில்லை. மது உள்ளிட்ட, மைய நரம்பு மண்டலத்தைத் தளர்த்தும் மற்றப் பொருள்களையும் சேர்த்தே அது பேசுகிறது. தூக்க மூலிகைகளையும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதுதான் அறிவுடைமை.

மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. வலேரியன் ஒரு டயசெபாம் மாத்திரைக்கு நிகரானதன்று. உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் அதைச் சில நாள் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஓபியாய்டோடு இந்த மூலிகைகளைச் சேர்த்து மனிதர்களிடம் நேரடியாகச் செய்யப்பட்ட ஆய்வுகளும் மிகக் குறைவு. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது உடல்நலத்தோடு இருப்பவரைப் பற்றியல்லவே. முதுமை, மெலிந்த உடல், பழுதடைந்த சிறுநீரகம், நாட்பட்ட நுரையீரல் நோய், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ உடையவர்களே வலி நிவாரணப் பிரிவுக்கு அதிகம் வருகிறார்கள். சிறுநீரகம் பழுதானால், மார்ஃபின் கல்லீரலில் உருமாறி உண்டாகும் வீரியமுள்ள பொருள் வெளியேறாமல் உடலில் தேங்கும். அவர்களில் பலர் நரம்பு வலிக்காக கபாபென்டின் அல்லது பிரிகாபலினும் எடுப்பார்கள். அவையும் மூச்சை ஒடுக்கலாம் என்று 2019 டிசம்பரில் அதே நிர்வாகம் எச்சரித்தது. ஏற்கெனவே இத்தனை சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும் உடலில், தனித்துப் பார்த்தால் மெலிதாகத் தோன்றும் ஒரு மூலிகைகூட நிலைமையை மாற்றிவிடலாம்.

நான் பணியில் இருந்தபோது முதிய பெண்மணி ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். வாரக்கணக்கில் மாறாத அளவில் மார்ஃபின் எடுத்து, வலியும் கட்டுக்குள் இருந்தவர் அவர். இரண்டு நாளாகப் பகலிலும் தூங்கி வழிகிறார், பேச்சுக்கு நடுவிலேயே கண் சொருகிவிடுகிறது என்று மகள் சொன்னார். முந்தைய இரவு வெகு நாளைக்குப் பிறகு அம்மா குறட்டை விட்டு அயர்ந்து தூங்கியதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பார்த்தோம், ஏழுதான் வந்தது. வளர்ந்த ஒருவருக்கு அது 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். கண்மணிகள் ஊசிமுனையளவுக்குச் சுருங்கியிருந்தன. உதட்டு ஓரம் சாம்பல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது.

வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றார் மகள். மார்ஃபின் அளவு மாறிவிட்டதா, மாத்திரை இரட்டிப்பாகக் கொடுக்கப்பட்டுவிட்டதா என்றெல்லாம் விசாரித்த பிறகு, மருத்துவர் கேள்வியை மாற்றினார்: "இரவில் அம்மா தூங்குவதற்காக என்ன கொடுக்கிறீர்கள்?" மகள் சற்றும் தயங்காமல் கைப்பையிலிருந்து ஒரு பொடிப் புட்டியை எடுத்து நீட்டினார். இயற்கையான தூக்கக் கலவை என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது; வேர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன; எது எவ்வளவு என்ற விவரம் மட்டும் இல்லை. அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. முதலில் கேட்ட கேள்வி அந்தப் புட்டியைக் குறிப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் ஊசி போட்டதும் அம்மையார் கண் விழித்தார். ஆனால் சிறிது நேரத்திலேயே மறுபடி அயர்ந்துவிட்டார். நாலாக்சோன் ஓபியாய்டை மட்டுமே ஏற்பியிலிருந்து விலக்கும். மூலிகையின் மயக்கத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தவிர, அதன் வீரியம் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மெல்லக் கரையும் மார்ஃபின் மாத்திரையோ 12 மணி நேரம் வேலை செய்யும். அதனால் இரவு முழுவதும் அருகிலேயே இருந்து மூச்சை எண்ணிக்கொண்டும், தேவைப்பட்டபோது நாலாக்சோனை மீண்டும் கொடுத்துக்கொண்டும் இருந்தோம். அம்மையார் தேறிவிட்டார். பொடியை நிறுத்திவிட்டுப் பழைய மார்ஃபின் அளவையே தொடர்ந்தபோது அந்த மயக்கம் திரும்பவில்லை.

குறட்டையைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓபியாய்டு எடுப்பவரிடம் புதிதாகத் தொடங்கும் கனத்த குறட்டையும், தொண்டையில் நீர் களகளப்பதுபோன்ற ஒலியும் நல்ல தூக்கத்தின் அடையாளங்கள் அல்ல. மூச்சுக்குழல் தளர்ந்து அடைபடுவதன் அடையாளங்கள். உடனிருப்பவர்கள் அதைக் கேட்டு நிம்மதியடைந்து, விளக்கை அணைத்துவிட்டு, நோயாளியை எழுப்பிவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் அறையை விட்டு வெளியேறுகிறார்கள். அன்பினால் செய்வதுதான் அது. ஆனாலும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது நேர் எதிரானது: தோளைத் தட்டிப் பெயர் சொல்லி எழுப்பிப் பார்க்க வேண்டும். மயக்கம் மிகுவது முதலில் தெரியும், மூச்சு ஒடுங்குவது அதன் பிறகுதான் வரும் என்பதால், எழுப்பினால் தெளிவாகப் பதில் சொல்கிறாரா என்பதே வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய மிக நல்ல சோதனை. அவர் அறியாமல் ஒரு நிமிடம் மார்பு ஏறி இறங்குவதை எண்ணலாம். எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனாலோ, எழுப்பியும் கண் திறக்காவிட்டாலோ, அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நாலாக்சோன் கையிருப்பில் இருந்தால் கொடுத்து, உதவி வரும்வரை அருகிலேயே இருக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சில மருந்துகள் வயிற்றில் ஒன்றோடொன்று கலந்து பயனிழப்பதைத் தவிர்க்க அந்த ஏற்பாடு உதவும். இங்கே நடப்பது வேறு. இரண்டு பொருள்களும் வெவ்வேறு வழியில் மூளைக்குச் சென்று ஒரே விளைவைக் கூட்டுகின்றன; அவை வயிற்றில் சந்திக்க வேண்டிய அவசியமே இல்லை. தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை 72 மணி நேரம் மருந்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். பிரித்தெடுத்த பிறகும் தோலடியில் தேங்கியது பல மணி நேரம் இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். மெத்தடோனும் மிக மெதுவாகவே உடலை விட்டு நீங்கும். இத்தகைய மருந்துகளை எடுப்பவருக்கு, மூலிகையைப் பாதுகாப்பாகக் குடிக்க ஒரு நேரம் என்று நாளில் எதுவுமே இல்லை. சாராயத்தில் ஊறவைத்து வடித்த மூலிகைச் சொட்டுகளில் மதுவும் சேர்ந்தே உள்ளே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பலர் எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இன்னொரு விதத்தில் தொல்லை தருகிறது. அது கல்லீரலிலும் குடலிலும் உள்ள சிஒய்பி 3ஏ4 என்ற நொதியைப் பெருகச் செய்து, அந்த நொதியால் சிதைக்கப்படும் மருந்துகளை விரைவாக அழிக்கிறது. பின்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மூலிகையை எடுத்தவர்களின் உடலில் ஆக்சிகோடோன் கிடைத்த அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நோயாளியின் நிலையிலிருந்து பாருங்கள்: நேற்றுவரை கேட்ட மருந்து இன்று கேட்கவில்லை, வலி கூடுகிறது, காரணம் தெரியாத மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார். இத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. ஏதோ ஒரு நாள் நோயாளி அந்த மூலிகையை நிறுத்துகிறார். பெருகியிருந்த நொதி ஓரிரு வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கூட்டப்பட்ட அளவோ அப்படியே இருக்கிறது. மூலிகையை விட்டுவிட்டதால் இனி ஆபத்தில்லை என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில் இரத்தத்தில் ஆக்சிகோடோன் ஏறிக்கொண்டே போகும். நான் அறிந்த மருந்து வினைகளில் இவ்வளவு ஓசையின்றி நடப்பது வேறில்லை. டிரமடாலோடு இதே மூலிகையை எடுத்தால், செரடோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கூடி, நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் உண்டாகும் அபாயம் தனி.

நொதி பெருகுவதால் அல்லாமல், தடுக்கப்படுவதாலும் கோடீனும் டிரமடாலும் பயனிழக்கலாம். கோடீன் கல்லீரலில் சிஒய்பி 2டி6 என்ற நொதியால் மார்ஃபினாக மாற்றப்பட்ட பிறகே வலியைப் போக்குகிறது. மரமஞ்சளிலும் கோல்டன்சீல் என்ற மூலிகையிலும் உள்ள பெர்பெரின் அந்த நொதியைத் தடுப்பதால், மார்ஃபின் போதிய அளவு உருவாவதில்லை. வலி குறையாத நோயாளி இன்னொரு மாத்திரையையும் விழுங்கிவிடுகிறார். காவாவைப் பொறுத்தவரை, மூச்சோடு கல்லீரலையும் கவனிக்க வேண்டும்: அது கடுமையான கல்லீரல் பாதிப்பை உண்டாக்கலாம் என்று 2002-இலேயே எச்சரிக்கப்பட்டது, வலி மாத்திரைகள் பலவற்றில் ஓபியாய்டோடு, அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது.

மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் பொருளில் உண்மையில் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் உண்டு. 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில், ஜின் பு ஹுவான் என்ற மூலிகை மாத்திரைகளை அறியாமல் விழுங்கிய மூன்று குழந்தைகள் மயங்கி, இதயத் துடிப்பும் மூச்சும் தளர்ந்து உயிருக்குப் போராடினர். வலிக்கும் தூக்கத்துக்கும் விற்கப்பட்ட மாத்திரை அது. ஆராய்ந்தபோது, உறையில் குறிப்பிட்டிருந்த தாவரத்துக்குத் தொடர்பில்லாத எல்-டெட்ராஹைட்ரோபால்மட்டின் என்ற, மயக்கம் தரும் வேதிப்பொருள் அதில் இருந்தது தெரியவந்தது. சில நாடுகளில் மூலிகைப் பொடியாகக் கிடைக்கும் கிராட்டம் இலையோ நேரடியாக ஓபியாய்டு ஏற்பிகளிலேயே செயல்படுகிறது. வலி மருந்து எடுக்கும் ஒருவர் கிராட்டத்தை எடுப்பது, தனக்குத் தெரியாமலே வலி மருந்தைக் கூட்டிக்கொள்வதாகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எவரும் மார்ஃபினைக் கண்டு அஞ்சி விலகக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கான படிநிலை முறையை வெளியிட்டு இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், வீண் அச்சத்தால் இந்த மருந்து மறுக்கப்பட்டு வலியோடு இறப்பவர்கள் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஓபியாய்டைத் தாமாகவே திடீரென்று நிறுத்தினால் வலி திரும்புவதோடு வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் எனக் கடும் அவதியும் வரும். நெடுநாள் அதிக அளவில் வலேரியன் எடுத்தவர்களும் அதை மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைப்பதே நல்லது. மூலிகையை நாடியதற்காக நோயாளியைக் கடிந்துகொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. தூங்க முடியாத வலியோடு இருப்பவர் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொள்வது இயல்புதானே. அவர் மூலிகை தேடுகிறார் என்றால், பெரும்பாலும் இரவு நேர வலிக்கு மருந்து போதவில்லை என்றுதான் பொருள். அதைச் சரிசெய்யும் வழி மருத்துவரிடம் இருக்கிறது: மாத்திரையின் நேரத்தை மாற்றலாம், நீண்ட நேரம் வேலை செய்யும் வடிவத்தைக் கொடுக்கலாம், நரம்பு வலியா என்று ஆராயலாம், அச்சத்தையும் மனச்சோர்வையும் கவனிக்கலாம். ஆனால் நோயாளி சொன்னால்தானே மருத்துவருக்குத் தெரியும்?

நோயாளி சொல்லவேண்டுமானால், அவரிடம் கேட்க வேண்டும். 1990-இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்டு 1993-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், மாற்று மருத்துவ முறைகளைப் பயன்படுத்தியவர்களில் 72 விழுக்காட்டினர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று தெரியவந்தது. வேறு மருந்து எடுக்கிறீர்களா என்ற பொதுவான கேள்விக்கு இல்லை என்ற விடையையே நானும் என் பணிக்காலம் முழுதும் கேட்டுவந்தேன். ஆகவே ஓபியாய்டு எழுதித் தரும் மருத்துவர்களும், அதைக் கையில் எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர்களும், வீட்டுக்கு அனுப்பும் முன் விளக்கம் சொல்லும் செவிலியர்களும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். தூங்குவதற்கு என்ன குடிக்கிறீர்கள், மனம் அமைதியாக இருக்க என்ன எடுக்கிறீர்கள், பொடி, கஷாயம், சொட்டு, தேநீர் எதுவானாலும் சொல்லுங்கள், அடுத்த முறை வரும்போது புட்டியைக் கையோடு கொண்டுவாருங்கள். இப்படிக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்கும் குரலில் கண்டிப்பு தொனிக்கக் கூடாது. தொனித்தால் அடுத்த முறை உண்மை வராது. மூலிகை மருத்துவர்களும் தம்மிடம் தூக்கத்துக்காக வருபவரிடம், எந்த வலி மருந்து எடுக்கிறீர்கள், பட்டை ஏதும் ஒட்டியிருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். தோளிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் ஃபென்டனில் பட்டையைப் பலரும் மருந்தென்றே கணக்கில் சேர்ப்பதில்லை.

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். தூக்கமின்மை, பதற்றம், வலி ஆகியவற்றுக்கான மூலிகைகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் இனி எழுதும் ஒவ்வொரு முறையும், கட்டுரையின் இறுதியில் அல்லாமல், மூலிகையின் பெயர் வரும் இடத்திலேயே கீழ்க்காணும் வரிகளை அச்சிட வேண்டுகிறேன். தங்கள் மருத்துவ ஆலோசகர் திருத்திக் கொடுத்தாலும் மகிழ்ச்சியே.

"மார்ஃபின், டிரமடால், கோடீன், ஆக்சிகோடோன், மெத்தடோன் ஆகியவற்றையோ ஃபென்டனில் பட்டையையோ பயன்படுத்துபவர்கள், தம் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்காமல் இந்த மூலிகையை எந்த அளவிலும் எடுக்க வேண்டாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் இன்றே அவர்களிடம் சொல்லுங்கள். வலி மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். எழுப்பினாலும் தெளியாத தூக்கம், புதிதாகத் தொடங்கிய கனத்த குறட்டை, நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவான மூச்சு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே அவசர உதவியை அழையுங்கள்."

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்